விறகடுப்பு மாற்றத்துக்கு வட்டாரச் சலுகை கோரும் மனு

அனுப்புநர்:
பட்டு நெசவாளர், சாயத் தொழிலாளர் சங்கத்தினர்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

நகல்: இயக்குநர், கைத்தறித் துறை, சென்னை.

பொருள்: சாயப்பட்டறைகள் விறகிலிருந்து மாறுவதற்கு நெசவு வட்டாரங்களுக்குத் தனிச் சலுகை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மாநில அரசின் 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை மூன்று பிரிவாக்கி, பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் சலுகை தந்தது. சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூரோடு காஞ்சிபுரமும் வளர்ந்த பிரிவில் இடம்பெற்றது. தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் பார்த்தால் அது நியாயமே. ஆனால் அதே கணக்கில் நெசவு ஊர்களான அய்யம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் வளர்ந்த ஊர்களாகிவிட்டன.

2024 ஜனவரியில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் சூரிய மின்தகடு ஆலை திறக்கப்பட்டது. அதில் எங்களுக்கு மனக்குறை ஏதுமில்லை. எங்கள் பிள்ளைகளே கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். பட்டுக்குச் சாயம் ஏற்றும் தண்ணீர் மட்டும் இன்றும் விறகில்தான் கொதிக்கிறது.

அந்த வேலையைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால், எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசையாகக் கழியும். பிறகு நூல் கழிகளைக் கோலில் மாட்டி, தொட்டியின் இரு பக்கமும் ஆள் நின்று கொதிநீரில் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் சூடு இறங்கினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அந்த நூலைப் பாவுக்கும் வைக்க முடியாது, ஊடைக்கும் வைக்க முடியாது. விறகில் புகை உண்டு, கண்ணெரிச்சல் உண்டு, அக்கம்பக்கத்தார் புகாரும் உண்டு. ஆனால் அது பாதியில் நின்றுபோகாது. மின்சாரத்துக்கு மாறச் சொல்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மாற மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021-இல் கிளாஸ்கோவில் நம் நாடு வாக்களித்துவிட்டது; அது எங்கள் அடுப்பங்கரை வரை வந்தே தீரும். வரும்போது வெறும் தடையாணையாக வரக்கூடாது.

கைத்தறி நெசவாளருக்கு 2006-இல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் கிடைத்தது. அது 2023-இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்தச் சலுகை தறிக்கு மட்டுமே. தறிக்கு நூல் தரும் சாயக்காரருக்கு இல்லை.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை, சலுகையை மாவட்டத்தை வைத்து அளக்காமல் ஊராட்சி ஒன்றியத்தையும் நகரத்தின் நெசவுப் பகுதிகளையும் வைத்து அளக்க வேண்டும் என்பதே. இது புது வழக்கமும் அல்ல. சிறுதொழில் மானியத்துக்குப் பின்தங்கிய வட்டாரங்களை அரசே பட்டியலிட்டுள்ளது. தூய எரிசக்திக்குச் சலுகை தரும் அமெரிக்காவின் 2022 சட்டம்கூட, நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூடிய பகுதிகளுக்குக் கூடுதல் வரிச்சலுகை தந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரம் வரை இறங்கிப் பார்த்தது.

அடுத்து, தண்ணீரைச் சூரிய வெப்பத்தில் முதலில் சூடாக்கி, மீதிக் கொதிப்பை எரிவாயுவிலோ மின்சாரத்திலோ ஏற்றும் பொதுச் சாயக்கூடங்கள் வேண்டும். பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டுக் கூரையில் மின்தகடு பதிக்க 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில், அதுவும் வாடகைக்கு இருப்பவர், தகட்டை எங்கே வைப்பார்? கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. அங்கே வைத்து, அந்த மின்சாரத்தைச் சாயக்கூடத்தின் கணக்கில் கழிக்கலாம்.

சாயவேலை நேரத்தில் மின்தடை கூடாது. முன்னறிவிப்பில்லாத தடையால் நூல் கெட்டால் இழப்பீடு தரவேண்டும். சாயக்காரரையும் இலவச மின்சாரத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பொதுச் சாயக்கூடம் இயங்கத் தொடங்கும்வரை விறகடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது.

முதல் சாயக்கூடத்தை வாலாஜாபாத் ஒன்றியத்தில் அமைக்கலாம் என்பது எங்கள் யோசனை. கைத்தறி, மின்வாரிய அலுவலர்களோடு தாங்கள் வந்து பார்வையிட ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுப்பு எரியும் காலை வேளையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்