லயத்தில் கிட்டார் இல்லை என்று யார் சொன்னது?

ஒரு தமிழ் இளைஞன் ராக் கச்சேரிக்குப் போகிறான் என்றால் நம் இலக்கியக் கூட்டங்களில் இரண்டு விதமாக முகம் சுளிப்பார்கள். முதல் வகையினர், ‘பாத்தீங்களா, மொழியை விட்டுட்டான், பண்பாட்டை விட்டுட்டான்’ என்பார்கள். இரண்டாவது வகையினர் கொஞ்சம் கோட்பாடு படித்தவர்கள். ‘இதெல்லாம் முதலாளித்துவம் பொட்டலம் கட்டி விற்கிற பழைய ஏக்கம்’ என்பார்கள். முதலாமவருக்கு அவன் துரோகி. இரண்டாமவருக்கு ஏமாளி. நீ எதைக் கேட்கிறாய், யாரோடு சேர்ந்து கேட்கிறாய் என்று இரண்டு பேருமே அவனிடம் ஒரு வார்த்தை விசாரித்தது கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 14, புதன்கிழமை. தீபாவளி முடிந்து எட்டாவது நாள். சன்வே லகூனில் கன்ஸ் அண்ட் ரோசஸ் கச்சேரி. 1987-இல் முதல் ஆல்பம் போட்டு உலகத்தை அதிர வைத்த குழு அது. தொண்ணூறுகளின் நடுவில் உடைந்து, கிட்டாரிஸ்ட் ஸ்லாஷும் பேஸ் வாசித்த டஃப் மெக்கேகனும் வெளியேறினார்கள். பாடகர் ஆக்ஸல் ரோஸ் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஆட்களோடு ஓட்டிக்கொண்டிருந்தார். மறுபடி சேர்வீர்களா என்று கேட்டதற்கு ‘இந்த ஜென்மத்தில் இல்லை’ என்று ஒருமுறை பதில் சொன்னார். 2016-இல் மூவரும் சேர்ந்தபோது அந்தப் பதிலையே சுற்றுப்பயணத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பயணம்தான் கோலாலம்பூருக்கும் வந்தது.

ரவாங்கிலிருந்து அங்கே போவது சுலபம். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகிற கொமுட்டரில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, பி.ஆர்.டி. பேருந்து பிடித்தால் சன்வே. அன்றைக்குச் சாயந்திரம் ரவாங் ஸ்டேஷனில் கறுப்புச் சட்டைகளாக நின்றன. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். பக்கத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் என் அப்பா வயசு. லோரி ஓட்டுபவர், ஃபோர்மேன், தொழிற்சாலையில் நைட் ஷிஃப்டுக்கு எம்.சி. போட்டுவிட்டு வந்தவர். பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்து மோட்டாரில் வந்து, ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறியவர்கள் இருந்தார்கள். அந்த ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். தமிழர்கள், மலாய்க்காரர்கள், ஹார்ட்வேர் கடைக்காரச் சீனர் ஒருவர். முன்பின் தெரியாதவர்கள் சட்டையைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓர் அண்ணனிடம் கேட்டேன். “நீங்க எப்படிண்ணே இதுக்குள்ள வந்தீங்க?”

“செர்ச் வழியாதான் தம்பி. வேற எப்படி?”

இந்த ஒரு பதிலுக்குள் நம் இலக்கியக்காரர்கள் எழுதாமல் விட்ட ஒரு முழு வரலாறு கிடக்கிறது.

செர்ச் 1981-இல் ஜொகூர் பாருவில் உருவான குழு. 1985-இல் முதல் ஆல்பம். 1989-இல் வந்த ‘ஃபெனோமெனா’ ஆல்பத்தின் ‘இசபெல்லா’ பாடல் இந்தோனேசியாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. விங்ஸ், லெஃப்ட்ஹேண்டட் என்று வரிசையாகக் குழுக்கள் வந்தன. ‘ரோக் காப்பாக்’ என்று இந்த அலைக்கே பெயர் வைத்தார்கள். கோடரி ராக். கேலியாக வைத்த பெயர்தான், அதையே ரசிகர்கள் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். இந்த அலை கம்பத்தோடு நிற்கவில்லை. தோட்டத்து லயங்களுக்குள்ளும் வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு சினிமாப் பாட்டு ஓடியது உண்மை. அதே ரேடியோவில், அதே பையன், அப்பா தூங்கியபிறகு செர்ச் கேசட்டைப் போட்டதும் உண்மை.

அந்த அண்ணன் இன்னொன்றும் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். மலாய் என்றாலே பயம், அடி, சிவப்பு மை. அந்த மொழியில் முதன்முதலாக ஒரு வாக்கியத்தைத் தன் இஷ்டத்துக்கு மனப்பாடம் செய்தது செர்ச் பாட்டில்தானாம். வரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். மலாய் வரிகள், தமிழ் எழுத்தில்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மலாய்க் காதல் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த ஒரு தோட்டத்துப் பையனின் நோட்டுப் புத்தகம். இதை மொழியை விட்டதாகக் கணக்கெழுதுவீர்களா? தன் கையில் இருந்த ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டின் இன்னொரு மொழிக்குள் அவன் ஏறிப் போயிருக்கிறான். தேசிய மொழியைப் பாடத்திட்டம் அவனுக்குக் கட்டாயமாக்கியது. ஏமியின் குரல்தான் அதை ஆசையாக்கியது. இந்தச் சம்பவத்தில் தமிழ் தோற்றது எங்கே என்று முதல் வகையினர் விளக்கட்டும்.

இன்னும் பின்னால் போவோம். பினாங்கைச் சேர்ந்த இரண்டு தமிழ்ச் சகோதரர்கள், லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம். சுருட்டை முடியைக் குடைமாதிரி வளர்த்துக்கொண்டு ஆலிகேட்ஸ் என்ற குழுவில் பாடினார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து மலாய் பாப் இசையின் நடு மேடையில் நின்றவர்கள் இவர்கள். பின்னாளில் செர்ச்சுக்கு இசையமைத்த அதே எம். நாசிர்தான் இவர்களுக்கும் பாட்டுகள் தந்தார். மலாய்க்காரர் கல்யாண வீட்டில் இன்றைக்கும் இவர்கள் பாட்டு ஒலிக்கும். லோகநாதன் 2007-இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தபோது நாடே துக்கப்பட்டது. மலேசியத் தமிழர் சாதனை என்று நாம் அச்சடிக்கிற மலர்களைப் புரட்டிப் பாருங்கள். கோயில் தலைவர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். இவர்கள் எத்தனை மலரில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் இப்படி? என் பதில் கொஞ்சம் கசக்கும். நமக்குத் தோட்டத் தமிழன் துயரப்பட்டால்தான் பிடிக்கும். பால்மரம், கங்காணி, கள்ளுக்கடை, சயாம் மரண ரயில். இவையெல்லாம் நடந்தவை, எழுதப்பட வேண்டியவை, நான் மறுக்கவில்லை. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். நம் ஊர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். ஆனால் அந்த வழியிலேயே ஐம்பது வருஷம் நடந்து நடந்து, தோட்டத்தான் என்றால் அழுகிறவன் அல்லது குடிக்கிறவன் என்று ஆக்கிவிட்டோம். அவனுக்கு ரசனை இருந்தது, பிடிவாதமான ரசனை இருந்தது, எந்தக் கிட்டாரிஸ்ட் பெரியவன் என்று கித்தா மரத்தடியில் சண்டை போட்டிருக்கிறான் என்பதை நான் வாசித்த எந்த மலேசியத் தமிழ் நாவலிலும் பார்க்கவில்லை. ஒருவனின் பசியை மட்டும் எழுதி ருசியை எழுதாமல் விடுவது அவனை அரை மனிதனாக்குகிற வேலை. அதைத் தோட்டத்து கிராணி செய்தால் சுரண்டல் என்கிறோம். எழுத்தாளன் செய்தால் யதார்த்தவாதம் என்கிறோம்.

ரவாங்காரனாக எனக்கு இதில் ஒரு தனிக் கோபமும் உண்டு. மலாயாவில் மின்சாரம் முதன்முதலாக வந்து இறங்கிய ஊர் எங்களுடையது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ரவாங்கில் மின்னாக்கி வைத்தார்கள். பத்துமலைக் கோயிலை நிறுவியவர் என்று தம்புசாமிப் பிள்ளையை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நினைக்கிறோம், சரிதான். மின்சாரம் கொண்டுவந்தவர் என்பதை ஒரு பொறியியல்காரனாக நானாவது சொல்லி வைக்கிறேன். அந்த மனிதர் ஒரே வாழ்க்கையில் கோயிலும் கட்டினார், டைனமோவும் ஓட்டினார். பாரம்பரியத்துக்கும் மின்சாரத்துக்கும் பகை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நூற்று முப்பது வருஷம் கழித்து நாம்தான் உறுமியா எலெக்ட்ரிக் கிட்டாரா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

முடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் நீள முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு ஆர்.டி.எம். கதவைச் சாத்தியது. அப்போது தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட். கடைசியில் செர்ச், விங்ஸ் ஆட்கள் முடியை வெட்டிக்கொண்டதே நாட்டுக்குப் பெரிய செய்தியாயிற்று. மலாய் ரசிகர்கள் அதை இன்றுவரை ஒரு அவமானமாகப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அதே காலத்தில் நீள முடி வைத்த ஒரு தமிழ் இளைஞனுக்கு ராக் ரசிகன் என்ற பட்டம்கூடக் கிடைக்கவில்லை. அவன் நேராக ‘கேங்ஸ்டர்’. ரோட்டில் நிறுத்தி ஐ.சி. கேட்பவருக்கும் கேங்ஸ்டர், கோயில் கமிட்டிக்கும் கேங்ஸ்டர், சொந்த மாமாவுக்கும் கேங்ஸ்டர். நம் ஆட்களின் சந்தேகம் மற்றவர்களின் சந்தேகத்தோடு அப்படியே கைகோத்துக்கொண்டது. ரசனையைப் பதிவு செய்யாத சமூகத்தில் இதுதான் நடக்கும். வேறு பெயர் இல்லாதபோது குற்றவாளி என்ற பெயர்தான் கைக்கு எட்டும்.

இனி இரண்டாவது வகையினருக்கு வருகிறேன். மறுஇணைவுக் கச்சேரி ஒரு வியாபாரம் என்கிறீர்கள். ஆமாம், வியாபாரம்தான். கன்ஸ் அண்ட் ரோசஸின் அந்தச் சுற்றுப்பயணம் 50 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. இவர்கள் நட்புக்காகச் சேர்ந்தார்கள் என்று நம்ப யாரும் குழந்தை இல்லை. ஆனால் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து சினிமாப் பின்னணிப் பாடகர்கள் வந்து புக்கிட் ஜாலிலில் பாடினால் அது என்ன, தர்மகாரியமா? அங்கேயும் டிக்கெட் உண்டு, வி.ஐ.பி. வரிசை உண்டு, எண்பதுகளின் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவது உண்டு. அதை நீங்கள் கலாசார நிகழ்வு என்கிறீர்கள். இதை மட்டும் பண்டம் என்கிறீர்கள். உங்கள் முதலாளித்துவ எதிர்ப்பு ஸ்பீக்கரிலிருந்து எந்த மொழி வருகிறது என்று பார்த்துத்தான் கிளம்புமா?

கடந்தகால ஏக்கம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இருக்கிறது. மறுஇணைவு என்பது பழையபடி ஆகிவிடுவது என்று ரசிகன் நினைக்கிறான் என்கிறீர்கள். அவன் அப்படி நினைப்பதே இல்லை. 1987-இல் அந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் ஐந்து பேர். கோலாலம்பூர் மேடையில் நின்றது அதில் மூவர். இஸி ஸ்ட்ராட்லின் இல்லை, ஸ்டீவன் அட்லர் இல்லை. ரயிலில் வந்த அண்ணன்களுக்கு இது அத்துப்படி. “இஸி இல்லாம இது முழுசு இல்ல” என்று ஒருவர், “கிடைச்ச வரைக்கும் போதும்டா” என்று இன்னொருவர், சுங்கை பூலோ வரைக்கும் வாதம். ஆலிகேட்ஸ் மேடையில் டேவிட் தனியாகப் பாடும்போது கேட்பவன் லோகாவின் இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறான். மறுஇணைவுக்குப் போகிறவன் யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கத்தான் போகிறான்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. வட சிலாங்கூர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்க இப்போது கருமாதி வர வேண்டும், இல்லையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா வர வேண்டும். இந்த நிலைமையில் இருப்பவர்கள், ஒரு பாட்டின் பேரைச் சொல்லி வேறு இனத்து ஆட்களோடும் சேர்ந்து கூடுகிறார்கள் என்றால், அதைக் குறை சொல்வதற்கு முன்னால் நீங்கள் அவர்களுக்கு வேறு எந்த மேடையைப் போட்டுக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். கோயிலுக்கு வந்தால் சாதி விசாரிப்போம். இலக்கியக் கூட்டத்துக்கு வந்தால் பட்டம் விசாரிப்போம். அன்றைக்கு அந்த ரயிலில் யாரும் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. ‘எந்த ஆல்பம்லேர்ந்து கேக்குறே?’ என்பது மட்டும்தான் கேள்வி.

ராக் இசையைத் தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் கேட்காதீர்கள். ராக் ரசிகர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ண ஒரு கை விரலே போதும். தோட்டத்துப் பெண்களில் யார் செர்ச் கேட்டார்கள், யார் வீட்டில் அடி வாங்கிக் கேட்டார்கள் என்பது இன்னும் ஆழமாகப் புதைந்த கதை. அதையும் யாராவது எழுத வேண்டும்.

நான் கேட்பது ஒரு வேலையைத்தான். நம்மில் எழுதுகிற இளைஞர்கள் ஆளுக்கு ஓர் ஆளைப் பிடியுங்கள். ஐம்பது, அறுபது வயசு, தோட்டத்தில் வளர்ந்தவர், எந்த இசை வேண்டுமானாலும் கேட்டவர். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். எந்தக் கேசட், எங்கே வாங்கினார், கிட்டார் யாரிடம் இருந்தது, தீபாவளி இரவு திடலில் எந்தக் குழு வாசித்தது, யார் டிரம்ஸ், அந்த டிரம்ஸ்காரர் இப்போது எங்கே என்று கேளுங்கள். அப்படியே எழுதி வையுங்கள், பேச்சுத் தமிழிலேயே. கேசட் நாடா பூசணம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த அண்ணனின் நோட்டுப் புத்தகம் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். அப்படித் தொலையாத ஒன்று இன்னும் யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கும். போய்த் தேடுங்கள்.