வீட்டில் ஓடினால் போதுமா?

வடக்குத்தில் எங்கள் வீட்டில் சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் என் அண்ணன் மகன், மின் கட்டணம் கணக்கிடும் இணையப் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் தயாரித்திருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. மதிப்பீட்டு நாளன்று சர்வரில் ஏற்றித் திறந்தால், தலைப்பு மட்டும் வந்தது. கணக்கு எதுவும் நடக்கவில்லை! "நான் எதையும் மாத்தவே இல்ல சித்தப்பா" என்று அழாத குறையாகப் போனில் சொன்னான்.

காரணம் ஒரே ஓர் எழுத்து. பைலின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கருதும். சர்வரில் இருந்த லினக்ஸ் அவற்றை வெவ்வேறு பைல்களாகப் பார்க்கும். 2015ல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்கப்பட்ட மாட்யூல் முறையில், இப்படி ஒரு பைல் கிடைக்காவிட்டால் அதை நம்பியிருக்கும் புரோகிராம் முழுவதும் ஓடாது. பிழைச் செய்தியோ பிரவுசரின் கன்சோலுக்குள் ஒளிந்திருக்கும்.

இதற்கு இலவசமாகவே தீர்வு இருக்கிறது. நிக்கோலஸ் சாக்கஸ் 2013ல் தொடங்கிய இஎஸ்லிண்ட் என்ற சோதனை புரோகிராமும், அதற்கான இம்போர்ட் பிளகின்னும் போதும். பிளகின்னில் உள்ள 'நோ-அன்ரிசால்வ்ட்' என்ற விதி, அழைக்கப்படும் பைல் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் விண்டோஸிலேயே காட்டிக் கொடுத்துவிடும். 'நேம்டு' என்ற விதி, அந்த பைல் தராத ஃபங்ஷனை நீங்கள் கேட்டால் எச்சரிக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் இஎஸ்லிண்ட் எக்ஸ்டென்ஷனையும் நிறுவினால், டைப் செய்யும்போதே தவறான வரியின் கீழ் கோடு விழும்.

"கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது எதற்கு? சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள்" என்பார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பழகிய பிறகு ஹெல்மெட் அணியலாம் என்று யாரும் சொல்வதில்லை. புதியவருக்குத்தான் பாதுகாப்பு முதலில் தேவை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். யூனிட் கணக்கைத் தவறாகப் போட்டிருந்தால் இந்த பிளகின் கண்டுபிடிக்காது. அதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

அவனுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. ஆனால் சில மதிப்பெண்கள் போனது போனதுதான். உங்கள் முதல் புரோகிராமை எழுதும் முன்பே இதை நிறுவிவிடுங்கள்.