ஸ்பெல்லிங் பீயும் தனி மேசையும்

அமெரிக்காவில் ஸ்பெல்லிங் பீ முடிந்த மறுநாள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் வரும். கோப்பையோடு சிரிக்கும் இந்திய வம்சாவளிக் குழந்தை. கூடவே ஒரு உபதேசம்: இட ஒதுக்கீடு இல்லாத நாட்டில் திறமைதான் ஜெயிக்கும், பாருங்கள்.

சரி, பார்ப்போம்.

இந்தத் தேசியப் போட்டியின் வரலாற்றை 1925-இல் தொடங்குவார்கள். ஒன்பது பத்திரிகைகள் சேர்ந்து வாஷிங்டனில் நடத்தின. லூயிவில்லைச் சேர்ந்த 11 வயது ஃபிராங்க் நியூஹவுசர் 'கிளாடியோலஸ்' என்ற பூவின் பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டி 500 டாலர் தங்கம் வென்றான். அழகான கதை.

ஆனால் 1908-லேயே கிளீவ்லாந்தில் பல நகரங்களின் பள்ளிப் பிள்ளைகள் மோதிய போட்டி ஒன்று நடந்தது. கிளீவ்லாந்து அணியில் மேரி போல்டன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி இருந்தாள். அப்பா தபால்காரர். அவளோடு தங்கள் வெள்ளைப் பிள்ளைகள் போட்டியிடுவதா என்று நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் கொதித்தார்கள். அவளை நீக்கச் சொன்னார்கள். கிளீவ்லாந்து மறுத்தது. மேரி ஒரு சொல்லில்கூடத் தவறவில்லை. அவளிடமிருந்து ஏன் இந்த வரலாறு தொடங்குவதில்லை?

1936. ஓஹியோவின் அக்ரான் நகரிலிருந்து 13 வயது மெக்நோலியா காக்ஸ் தேசிய இறுதிப் போட்டிக்கு ரயிலேறினாள். மேரிலாந்து எல்லை வந்ததும் கறுப்பர்களுக்கான பெட்டிக்கு மாற்றப்பட்டாள். மற்ற பிள்ளைகள் தங்கிய ஹோட்டலில் அவளுக்கு இடமில்லை. ஒரு கறுப்பின மருத்துவரின் வீட்டில் தங்கினாள். விருந்தில் அவளுக்குத் தனி மேசை. தனிக்குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவள் கடைசி ஐந்து பேரில் நின்றாள். அப்போது வந்த சொல் 'நெமெசிஸ்'. அது கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர், பெயர்ச்சொற்களைக் கேட்பது விதிக்கு விரோதம் என்று அவளோடு வந்த பத்திரிகைக்காரர் வாதாடினார். நடுவர்கள் ஏற்கவில்லை. அக்கிரமத்துக்குத் தண்டனை தரும் தெய்வமாம் அது! கல்லூரிக்குப் போக மெக்நோலியாவிடம் பணமில்லை. ஒரு மருத்துவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள்.

திறமை இல்லாமலா?

இன்று மேடையில் நிற்கும் நம் பிள்ளைகளின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் தாத்தா, அப்பாவை அமெரிக்காவுக்குள் விட்டது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கி, சிறை சென்று உலுக்கிய காலத்தில்தான் நிறக் கணக்குப் பார்த்த பழைய ஒதுக்கீட்டு முறை உடைந்தது. அதற்கு இருபதே ஆண்டில், 1985-இல், பாலு நடராஜன் கோப்பை வென்றார். மெக்நோலியாவின் மக்கள் திறந்த கதவு வழியே உள்ளே போய்விட்டு, போராட்டமும் ஒதுக்கீடும் சோம்பேறிகளுக்கு என்று பேசுவதற்கு என்ன பெயர்? அதை எழுத்துக்கூட்டிச் சொல்லட்டும்.

ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இந்தக் கோப்பையைத் தொட 2021 ஆனது. 14 வயது ஸைலா அவான்ட்-கார்ட். ஊர், அதே நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஹார்வி. அவர் வென்ற சொல் 'முராயா'. நம் வீட்டுக் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் வரும் அதே முராயாதான்.

அந்த ஆண்டு எங்கள் குழுவுக்குப் படம் வரவில்லை.