மாநகரங்களும் கொலைக் கணக்கும்

‘நகரம்’ என்னும் சொல்லோடு ‘நாகரிகம்’ என்னும் சொல்லை உறவுபடுத்திக் கூறுவர் மொழியறிஞர். மக்கள் கூடி வாழ்ந்து, வணிகம் பெருக்கி, கலை வளர்த்து, முறை செய்து வாழக் கற்ற இடம் நகரமே என்பது அவர்தம் கருத்து. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாநகரங்கள் சிலவற்றின் பெயரைக் கேட்ட அளவிலேயே மாந்தர் நெஞ்சில் எழுந்தது நாகரிக உணர்வு அன்று, அச்ச உணர்வே. 1975ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் காவலர் சங்கத்தார், ‘அச்ச நகருக்கு வருக’ என்று பயணிகளை எள்ளலாக வரவேற்கும் துண்டறிக்கை ஒன்றை மண்டையோட்டுப் படத்துடன் அச்சிட்டனர். ஆட்குறைப்பை எதிர்த்து எழுந்த அறிக்கை அது. எனினும் மாலை ஆறு மணிக்குப் பின் தெருவில் நடவாதீர், சுரங்க இரயிலில் ஏறாதீர் என்று அது கூறிய எச்சரிக்கை அந்நகரின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது.

‘உலகில் எந்த நகரம் கொடியது?’ என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. செய்தித்தாள்களும் ஆண்டுதோறும் பட்டியலிட்டு, முதலிடம் இரண்டாமிடம் என வரிசைப்படுத்தி, இவ்வினாவிற்கு விடை பகர்கின்றன. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றிய மரபினர் நாம். எண்ணை வெறுத்து ஒதுக்குதல் நமக்கு ஆகாது. அதேபோல், எண் எனச் சொல்லப்படுவதை எல்லாம் ஆராயாது ஏற்பதும் நமக்கு ஆகாது. நகரங்களை ஒப்பிடலாம், ஆனால் எதை, எதனோடு, எதன்பொருட்டு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிந்தே ஒப்பிட வேண்டும். இதுவே நாம் ஈண்டு வலியுறுத்த விழைவது.

முதற்கண் தொகைக்கும் வீதத்திற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குவோம். 1990ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 2,245 பேர் கொலையுண்டனர். நாளொன்றுக்கு ஆறு உயிர்! அதே ஆண்டில் சிகாகோவில் கொலையுண்டோர் ஏறத்தாழ 850 பேர். தொகையை மட்டும் காண்பவர் நியூயார்க்கைச் சிகாகோவினும் இரு மடங்குக்கு மேல் கொடியது என்பர். ஆனால் அன்று நியூயார்க்கின் மக்கள்தொகை 73 இலட்சம். சிகாகோவினது 28 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. ஓர் இலட்சம் மக்களுக்கு எத்தனை கொலை என்று வகுத்துப் பார்ப்பின், இரு நகரங்களுக்கும் விடை ஏறத்தாழ 31 என்றே வருகிறது. நாடே அஞ்சி நோக்கிய இவ்விரு நகரங்களையும் விஞ்சி நின்றது தலைநகரான வாஷிங்டன். 1991ஆம் ஆண்டில் அங்குக் கொலையுண்டோர் 482 பேரே. எனினும் மக்கள்தொகை ஆறு இலட்சத்தை எட்டாத நகரம் அது. ஆகவே வீதம் 80 ஆயிற்று. சிறிய தொகை பெருங்கொடுமையை மறைப்பதும், பெரிய தொகை அச்சத்தை மிகைப்படுத்துவதும் இவ்வாறே.

அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் உள்ள இலண்டன் மாநகரம், அதே பத்தாண்டில் 70 இலட்சத்தை ஒட்டிய மக்களைக் கொண்டிருந்தும், ஆண்டுக்கு ஏறத்தாழ 200 என்ற எல்லைக்குள்ளேயே கொலைகளைக் கண்டது. அளவால் ஒத்த இரு நகரங்களுக்கு இடையே பத்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! இலண்டனில் களவும் உண்டு, கைகலப்பும் உண்டு. ஆனால் அங்குச் சினங்கொண்டவன் கைக்குத் துப்பாக்கி எளிதில் எட்டுவதில்லை. ஒப்பீடு நமக்குக் கற்பிக்கும் மெய்யான பாடம் இத்தகையது. வரிசையில் யார் முன், யார் பின் என்பதைக் காட்டிலும், ஏன் இந்த வேறுபாடு என்று வினவுங்கால்தான் எண் பயன் தருகிறது.

இனிப் பிழையான ஒப்பீட்டிற்கு ஒரு சான்று. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், ‘கொலையில் நியூயார்க்கை முந்தியது இலண்டன்’ என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. பிப்ரவரி, மார்ச்சு ஆகிய இரு திங்கள்களிலும் இலண்டனில் ஓரிரு கொலைகள் மிகுதியாக நிகழ்ந்தது உண்மையே. ஆனால் அவ்வாண்டு முடிந்து கணக்கெடுத்தபோது, இலண்டனில் ஏறத்தாழ 130 கொலைகளும் நியூயார்க்கில் 290க்கு மேற்பட்ட கொலைகளும் நிகழ்ந்திருந்தன. ஆண்டு முழுவதும் நோக்க வேண்டியதை இரு திங்களோடு நிறுத்தியதால் வந்த பிழை இது. ஏப்ரலில் அச்செய்தியைப் படித்தோருள் எத்தனை பேர் அடுத்த ஆண்டு வந்த முழுக்கணக்கைப் படித்திருப்பர்? அச்சம் விரைந்து ஓடுகிறது. திருத்தமோ அதன் பின்னே தளர்ந்து நடக்கிறது.

கொலை தவிர்ந்த ஏனைய வன்செயல்களை ஒப்பிடுதல் இன்னும் கடினம். பிணத்தை மறைத்தல் அரிது. ஆதலின் கொலைக் கணக்கு ஓரளவு நம்பத்தக்கது. அடிதடி, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றின் கணக்கோ, பாதிக்கப்பட்டோர் காவல் நிலையத்திற்கு வந்தாலன்றி ஏட்டில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் 1973 முதல் வீடுதோறும் சென்று மக்களிடமே கேட்டறியும் ஆய்வு நடைபெற்று வருகிறது. வன்குற்றங்களுள் ஏறத்தாழப் பாதி காவல்துறைக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை என்பதை அவ்வாய்வு காட்டிற்று. ஆகவே காவலரை மக்கள் நம்பும் நகரில் முறையீடு பெருகும். குற்றவீதம் உயர்ந்து தோன்றும். நம்பிக்கை இழந்த நகரில் ஏடு வெறுமையாய்க் கிடக்கும். ஊர் அமைதியாய் இருப்பது போன்ற மயக்கம் தோன்றும். வரையறை மாறினும் எண் மாறும். 2013ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை, பாலியல் வன்கொடுமைக்குத் தான் கொண்டிருந்த பழைய குறுகிய வரையறையை விரிவாக்கிற்று. அதனால் உயர்ந்த எண்ணைக் கண்டு, கொடுமையே திடீரெனப் பெருகிற்று என்று கொள்ளுதல் அறியாமையாகும்.

நகரின் எல்லையும் எண்ணை மாற்றவல்லது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம் கொலைவீதப் பட்டியல்களில் பன்முறை முதலிடம் பெற்றது. அந்நகரம் 1876ஆம் ஆண்டிலேயே தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தினின்றும் பிரிந்து தன் எல்லையை வரையறுத்துக் கொண்டது. 1950இல் எட்டரை இலட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, வசதி படைத்தோர் புறநகர்களுக்குப் பெயர்ந்தமையால், 2020இல் மூன்று இலட்சமாகச் சுருங்கிற்று. புறநகர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 27 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழும் பெருநிலப்பரப்பு அது. வறுமையுற்ற நடுப்பகுதியை மட்டும் தனியே வகுத்து, புறநகர்களையும் தன்னுள் கொண்ட பிற நகரங்களோடு ஒப்பிட்டால் விடை எவ்வாறு நேரியதாகும்? இக்காரணங்களாலேயே, கணக்குகளைத் திரட்டி வெளியிடும் அப்புலனாய்வுத் துறையே, இவற்றைக் கொண்டு நகரங்களை வரிசைப்படுத்தல் தகாது என எச்சரித்து வந்துள்ளது. எச்சரிக்கையை விடுத்துப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வோரே மிகுதி.

இலக்கணம் பயில்வோர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். செந்தாமரை என்பதில் உள்ள அடை, வெண்டாமரையினின்றும் வேறுபடுத்த வந்தது, அது இனச்சுட்டுடையது. செஞ்ஞாயிறு என்பதில் உள்ள அடையோ இனம் விலக்க வந்ததன்று. செம்மை ஞாயிற்றின் இயல்பே என்று கூற வந்தது. ‘கொலைத் தலைநகர்’ என்று ஒரு நகருக்கு அடைமொழி சூட்டுவோர், ஓராண்டின் ஒரு கணக்கை ஞாயிற்றின் செம்மைபோல் அந்நகரின் மாறா இயல்பாக்கி விடுகின்றனர். எண் ஆண்டுதோறும் மாறும். ஒட்டிய அடைமொழி எளிதில் மாறாது.

நியூயார்க்கே இதற்குச் சான்று. 1990இல் 2,245 ஆக இருந்த கொலைகள் 1998இல் 633 ஆயின; 2017இல் 292 ஆயின. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது என்பதில் அறிஞரிடையே இன்றளவும் வாதம் ஓயவில்லை. 1994இல் பதவியேற்ற மேயர் ஜூலியானியும், குற்றம் நிகழும் இடங்களைக் கணினிவழித் தொகுத்து ஆராயும் முறையைப் புகுத்திய காவல் ஆணையர் பிராட்டனும் புகழ் பெற்றனர். அவர்தம் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயின் கொலைகள் 1991 முதலே குறையத் தொடங்கிவிட்டன என்பதும், முந்தைய மேயர் டிங்கின்ஸ் காலத்திலேயே காவலர் எண்ணிக்கையைப் பெருக்கும் திட்டம் வகுக்கப்பட்டது என்பதும், கிராக் என்னும் கொக்கெய்ன் போதைப்பொருளின் அலை தணிந்தது என்பதும், வேறு முறைகளைக் கையாண்ட சான் டியாகோ போன்ற நகரங்களிலும் அதே காலத்தில் குற்றம் வீழ்ந்தது என்பதும் உண்மைகளாகும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் கொலைகள் மீண்டும் உயர்ந்தன. நியூயார்க்கிலும் முந்தைய ஆண்டின் 319, 468 ஆயிற்று. அவ்வுயர்வும் சில ஆண்டுகளில் தணியலாயிற்று. ஏற்றமும் இறக்கமும் ஒரே மனிதரின் ஆணைக்கு அடங்கியவை அல்ல.

இவையெல்லாம் வெறும் புள்ளிவிவர வாதங்கள் என்று கருதற்க. பிழையாகப் படித்த எண் மனிதரைச் சுடும். 1989ஆம் ஆண்டு, அச்சம் உச்சத்தை நெருங்கிய காலத்தில், நியூயார்க்கின் மையப் பூங்காவில் ஒரு பெண் கொடுமையாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 அகவை வரையிலான கருப்பின, இலத்தீன் அமெரிக்க வழியினரான சிறுவர் ஐவர் பிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். உண்மைக் குற்றவாளி 2002இல் தானே ஒப்புக்கொண்டான். மரபணுச் சோதனையும் அதனை மெய்ப்பித்தது. ஐவர் மீதான தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014இல் நகர ஆட்சி அவர்களுக்கு 4 கோடியே 10 இலட்சம் டாலர் வழங்க இசைந்தது. சிறையில் கழிந்த இளமையை எந்தத் தொகை மீட்டுத்தரும்? ஆராயாது அளித்த தீர்ப்பால் ஒரு மாநகரமே எரிந்ததைக் கூறும் சிலப்பதிகாரத்தைப் பயிலும் நமக்கு இவ்வினாவின் கனம் புரியாமற்போகாது.

ஐவரோடு அது நிற்கவில்லை. ஐயத்தின்பேரில் வழிமறித்துச் சோதிக்கும் முறை நியூயார்க்கில் பெருகி, 2011ஆம் ஆண்டில் மட்டும் 6,85,000 முறைக்கு மேல் நிகழ்ந்தது. நிறுத்தப்பட்டோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் கருப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. 2013இல் கூட்டரசு நீதிமன்றம், அம்முறை கையாளப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. இதனைக் கைவிட்டால் நகரம் குருதியில் மூழ்கும் என்று அஞ்சியோர் பலர். நடந்தது யாது? 2018இல் வழிமறிப்புகள் ஏறத்தாழ 11,000 ஆகக் குறைந்தன. 2011இல் 515 ஆக இருந்த கொலைகளோ 300க்கும் கீழே இறங்கின. ஓர் ஊரின் மீது ஒட்டிய அடைமொழி, நாளடைவில் அவ்வூரில் வாழும் ஓர் இனத்தார் மீது ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அவ்வினத்தில் பிறந்த ஒவ்வோர் இளைஞனும், தான் செய்யாத குற்றத்திற்குத் தெருவில் நின்று விடை கூற வேண்டியவனாகிறான். அதே இளைஞர்களே கொலையுண்டோர் பட்டியலிலும் மிகுதி என்பதை அடைமொழி மறைத்துவிடுகிறது.

ஆதலின் நம் மாணவர்க்கு நாம் கூறுவது இது. ‘இந்நகரம் கொடியது’ என்னும் செய்தியைக் காணுங்கால் நான்கு வினாக்களை எழுப்புக. இது தொகையா, வீதமா? எந்தக் காலத்திற்குரியது? குற்றத்திற்கும் நகர எல்லைக்கும் கொண்ட வரையறை யாது? எண்ணப்பட்டவை நிகழ்ந்த குற்றங்கள் அனைத்துமா, ஏட்டில் ஏறியவை மட்டுமா? இந்நான்கிற்கும் விடை கிட்டிய பின்னர் ஒப்பிடுக. அப்போதும் ஒரு நகரத்தைப் பிறிதொரு நகரத்தோடு ஒப்பிடுவதினும், அந்நகரத்தின் நேற்றோடு அதன் இன்றை ஒப்பிடுதலே மிகுந்த பயன் தரும். கொலைகள் 2,245இலிருந்து 292 ஆகக் குறைய முடியும் என்பதே நியூயார்க் உலகிற்குக் கற்பித்த பாடம். எந்த ஊரும் கொலைக்கெனப் பிறந்த ஊரன்று. எந்த மக்களும் குற்றத்திற்கெனப் பிறந்த மக்களல்லர். அந்த 292 பேரும் வீடு திரும்பாத 292 மனிதர்கள் என்பதை மறவாது எண்ணைப் படிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.