அறிவுக்குப் போடும் பூட்டு!



கொலைவாளோடு வருபவனைக் கண்டால் கூக்குரலிடுவோம், ஊர் திரளும். கணக்கேட்டோடு வருபவனைக் கண்டால், உட்கார நாற்காலி தருவோம். கல்வியின் கழுத்தை அறுக்கக் கிளம்பியவர்கள் வாளேந்தி வந்ததே இல்லை. கணக்கேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வந்தார்கள். "உன் பிள்ளை படிக்கக் கூடாது" என்று உரைக்கமாட்டார்கள்; "பணமில்லையே, என் செய்வது?" என்று பெருமூச்செறிவார்கள்!

1953ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சென்னை ராஜ்யத்தை ஆண்ட ஆச்சாரியார், நிதி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை என்றார். ஆகவே கிராமத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்புப் போதுமாம்; மிச்சப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்கட்டுமாம்! கிளம்பியது சிக்கனத்தின் பேரால்; சென்று சேர்ந்த இடமோ குலத்தொழில். குயவர் மகன் சக்கரத்துக்கு, வண்ணார் மகன் வெள்ளாவிக்கு!

தமிழகம் பொங்கி எழுந்தது. பெரியார் முழங்கினார், கழகத் தோழர்கள் சிறை புகுந்தனர். 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அதே ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டது. கஜானா ஓரிரவில் நிரம்பிவிட்டதா? இல்லை! அதே கஜானா, அதே வரவு. மாறியது மனம், வழி பிறந்தது. பணமில்லை என்ற பேச்சின் உட்பொருள், உன் பிள்ளைக்குப் பணமில்லை என்பதே அன்றோ?

காட்சி மாறியது, கதை மாறவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநில அரசுடையது. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயைத் தில்லி நிறுத்தி வைத்தது. இம்முறை 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை! 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, தருகிறோம் என்றார்கள். நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 மார்ச்சில் இது நியாயமல்ல என்றது. மே மாதம் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

அந்தத் திட்டத்தில்தான் பள்ளி நூலகத்துக்கான மானியமும் அடக்கம். தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். பெரிய பள்ளிக்கு 20,000 வரை. கோடிகளின் கூட்டத்தில் இது கொசுறு! ஆயினும் வெட்டு விழும்போது முதலில் விழுவது இதன் மீதுதான். ஆசிரியரின் சம்பளம் நின்றால் கூக்குரல் எழும். மின்சாரக் கட்டணம் நின்றால் விளக்கு அணையும். புத்தகம் வாங்காவிட்டாலோ, ஓசையே எழாது. புத்தகம் கொடி பிடிக்காது, கோஷமிடாது.

புதிய நூல் வராத இடத்தில் பழைய நூல் பொக்கிஷமாகிறது. பொக்கிஷத்துக்குப் பூட்டு விழுகிறது. ஒன்று தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார். அலமாரி இருக்கும், சாவி இருக்கும், படிக்கும் பிள்ளை மட்டும் வெளியே நிற்கும்!

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அலமாரி தேவையில்லை. தந்தை வாங்கித் தருவார். கூலிக்காரர் மகளுக்கோ பாடநூலைத் தாண்டி உலகைக் காட்டும் சாளரம் அது ஒன்றே. பாடநூல் அவளைக் கேள்வி கேட்கிறது. நூலகமோ அவளைக் கேள்வி கேட்கச் செய்கிறது!

"ஊரார் நன்கொடை தரலாமே" என்பர் சிலர். தருவோம்! தேநீர்க்கடைத் திண்ணையைக்கூடப் படிப்பகமாக்கிய இயக்கம் நம்முடையது. ஆனால் கொடையாளர் உள்ள ஊருக்கு நூல் கிடைக்கும், இல்லாத ஊருக்கு? தருமம் தவறலாம், உரிமை தவறலாகாது. 1948இல் இங்கே இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்குகிறது. ஊர் நூலகம் மக்கள் பணம் என்றால், பள்ளி நூலகம் மட்டும் யார் போடும் பிச்சை?

எனவே தோழர்களே, மேடைப் பேச்சோடு நில்லாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அங்கே சென்று கேளுங்கள்: இவ்வாண்டு வந்த நூல்கள் எத்தனை? பிள்ளைகள் கைக்குப் போனவை எத்தனை? பணம் வந்தது எப்போது? கிடைத்த விடையை மன்றத்துக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

கணக்கேட்டோடு வருபவருக்கு இனி நாற்காலி வேண்டாம். கணக்குக் கேட்போம்!