பைபாஸ் முடிந்தது, வயிறு குறைந்ததா?

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மாட்டுங்காவுக்குத் திரும்பிய நண்பர் ஒருவரைச் சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒரு டப்பா மைசூர்பாகு, இரண்டு சீப்பு வாழைப்பழம். பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. "உடம்பு தேறணும், அசையாமப் படுத்திருங்க அண்ணாச்சி" என்ற உபதேசம் வேறு. அண்ணாச்சிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி என்பது அத்தனை பேருக்கும் தெரியும்!

"அடைப்பையெல்லாம் எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்கிறோமே, அங்கேதான் தவறு. அடைப்பை யாரும் எடுப்பதில்லை. காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ஓர் இரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடுகிறார்கள். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் நம் நாட்டில் இதைத் தொடங்கிவைத்தார். அன்றும் இன்றும் அது மாற்றுப்பாதைதான். காலிலிருந்து எடுத்த குழாய்களில் பாதிக்குப் பக்கமாகப் பத்தாண்டுக்குள் மறுபடி அடைபடலாம்.

முதல் குழாயை அடைத்தது எது? பெருத்த வயிறு, ஏறிய சர்க்கரை, ஏறிய இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் மிகுதி, நல்ல கொழுப்பின் குறைவு. இவற்றில் மூன்று சேர்ந்தால் அதற்கு 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று பெயர். புகையிலை இதில் சேராத தனிச் சத்துரு. ஆபரேஷன் இந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. இந்திய ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80-ம் எல்லை. "என் பேண்ட் 34 தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது தொப்பைக்குக் கீழே மாட்டுகிற பேண்ட். தொப்புளுக்குச் சற்று மேலே டேப்பை வைத்துப் பாருங்கள், தெரியும்.

அசையாமல் படுப்பதும் வைத்தியம் அல்ல. ஆஸ்பத்திரியிலேயே நடக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டி, டாக்டர் சொல்படி அரைமணி வரை போகவேண்டும். மார்பெலும்பு மட்டும் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. அது சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை குடம் தூக்கக்கூடாது. காலை நேர லோக்கல் ரயிலில் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இடிபடக்கூடாது. நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம்.

நாற்காலி வேலைக்காரர் ஆறு வாரத்தில் ஆபீஸ் போய்விடலாம். மூட்டை தூக்குகிறவர் என்ன செய்வார்? கூலி போகிறதே என்று நாற்பதாம் நாளே தோளில் மூட்டை ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இ.எஸ்.ஐ. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், டாக்டர் சான்றின் பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். காண்டிராக்டர் சந்தாவைக் கட்டினாரா என்று நோயாளி படுக்கையிலிருந்து விசாரிக்க முடியுமா? பழம் வாங்கிக்கொண்டு போகிற நாம் அதை விசாரித்துச் சொல்லலாம்.

மைசூர்பாகு டப்பாவை அண்ணாச்சி வீட்டம்மா எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது மாலையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நானும் அவரும் நடக்கிறோம். எனக்கும் 98 சென்டிமீட்டர் இருக்கிறது.