நிகழ்வு என்று எதைச் சொல்வது?

ஆலையின் கருவிகள் நிகழ்வுகளைப் பதிவதில்லை, எண்களையே பதிகின்றன. கொதிகலனின் வெப்பம், குழாயின் அழுத்தம், மோட்டாரின் வேகம் என நொடிதோறும் வந்து குவியும் அளவீடுகளுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. 'இரண்டாம் ஷிப்டில் நிரப்பு இயந்திரம் நின்றுபோயிற்று' என்னும் வாக்கியம் அவற்றுள் எங்கும் கிடையாது. அதை எவரேனும் வகுத்தாக வேண்டும்.

அவ்வாறு வகுப்பதற்கான இலக்கணமே நிகழ்வு மாதிரி. பிஐ என்னும் ஆலைத் தரவு மென்பொருளில் இதற்கு 'ஈவன்ட் ஃபிரேம்' என்று பெயர். எந்த இயந்திரம், எந்த நிலை வந்தால் நிகழ்வு தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அதனுடன் எந்த அளவீடுகள் சேர வேண்டும், காரணம் என்ன என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், எண்களின் ஓட்டத்திலிருந்து நிகழ்வுகளை மென்பொருளே பிரித்துத் தரும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த தொல்காப்பியத்தைப் பயின்றவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை அன்று.

இதை வெறும் தொழில்நுட்பக் காரியமாகக் கருதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. நடந்ததை எடுத்துரைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே இங்குள்ள கேள்வி.

5 நிமிடங்களுக்கு மேல் நின்றால் மட்டுமே 'நிறுத்தம்' என்று ஒரு மாதிரி வரையறுப்பதாகக் கொள்வோம். 8 மணிநேர ஷிப்டில் இயந்திரம் 40 முறை, முறைக்கு 2 நிமிடம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மொத்தம் 80 நிமிடம். ஷிப்டில் ஆறில் ஒரு பங்கு. அறிக்கையிலோ ஒரு நிறுத்தம்கூட இல்லை. உற்பத்தி மட்டும் குறைந்திருக்கிறது. இயந்திரம் ஓடியும் சரக்கு வரவில்லையென்றால் பழி யார்மேல் விழும்? 40 முறை குனிந்து அடைப்பை நீக்கியவர்மேல்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிகழ்வாக்கிவிடலாமே எனலாம். அதுவும் தீர்வாகாது. 1994 ஜூலை 24 அன்று, வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இருவர் 275 எச்சரிக்கைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வால்வு மூடிக் கிடக்க, திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒருசேரக் கூவியபோது, நடப்பது இன்னதென்று சொல்லும் குரல் மட்டும் அவர்களுக்குக் கேட்கவில்லை.

மிகச் சுருக்கினால் உழைப்பு மறைகிறது. மிக விரித்தால் ஆபத்து மறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழ வேண்டும் என்பதை இயந்திரத்தின் அருகில் நிற்பவரே நன்கு அறிவார். ஆகவே மாதிரியை வகுக்கும் மேசையில் அவருக்கும் இடம் வேண்டும் என்கிறோம். எத்தனை நிமிடம் நின்றால் நிறுத்தம், அதை முடிவு செய்தவர் யார், எப்போது மாற்றினார்கள் என்னும் மூன்றும் ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.